ஸ்பானிஷ் படித்தால் வேலையில் உயர்வு கிடைக்குமா?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மெக்சிகோவிலும் சிலியிலும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் அதிகம். எட்டு மாதமாகச் செயலி வழியே ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆனாலும் அங்கிருந்து போன் வந்தால் திணறிப்போகிறேன். தொடர்ந்து படித்தால் பலன் இருக்குமா? எந்தத் தேர்வு எழுதலாம்? வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேலையை விடாதீர்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு உலகில் பஞ்சமே இல்லை. 20 நாடுகளில் அரசு நடப்பதே அந்த மொழியில்தான். தாய்மொழியாகப் பேசுவோர் மட்டும் 45 கோடிக்கு மேல். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பலில் சரக்கை ஏற்றியதற்கான ஆவணம்) எந்த வரி தவறினால் கஸ்டம்ஸில் சரக்கு நிற்கும் என்பதும் தெரிந்து, அதை வாங்குபவரிடம் அவர் மொழியிலேயே எடுத்துச் சொல்லவும் முடிந்தவர்கள்தான் குறைவு. உங்கள் ஐந்து ஆண்டு அனுபவத்தோடு சேரும்போதுதான் ஸ்பானிஷுக்கு மதிப்பு கூடும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில், சாதாரணக் கடிதங்களையும் விளம்பர வரிகளையும் இயந்திரமே ஓரளவு முடித்துவிடுகிறது. சட்டம், மருத்துவம் போன்ற துறைகளில் வேலை இருக்கிறது. ஆனால் அங்கே துறை அறிவும் கேட்பார்கள், எந்த மொழிக்குள் எழுதுகிறீர்களோ அதில் தாய்மொழித் தேர்ச்சியும் எதிர்பார்ப்பார்கள். இரண்டு ஆண்டு படித்துவிட்டு அந்தப் போட்டியில் இறங்குவது கடினம்.

மின்னஞ்சலை இயந்திரமே மொழிபெயர்த்துத் தருகிறதே, பிறகு எதற்குப் படிக்க வேண்டும் என்று மேலாளர் கேட்கக்கூடும். ஓர் உதாரணம் காட்டுங்கள். 12.500 என்று சிலிக்காரர் எழுதினால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதே எண்ணை மெக்சிகோக்காரர் எழுதினால் பன்னிரண்டரை. சிலியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள், மெக்சிகோவில் நேர்மாறு. இயந்திரம் பல நேரங்களில் எண்ணை அப்படியே விட்டுவிடும். இன்வாய்ஸில் அதைப் பிடிப்பது மொழியும் தொழிலும் தெரிந்த ஆள்தான். பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ஒருவருக்கு வழக்கமாக இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். கடைசிப் பெயரை வைத்துக் கோப்பில் பதிந்தால், அடுத்த முறை தேடும்போது ஆள் அகப்படமாட்டார். முதல் குடும்பப் பெயரில்தான் பதிய வேண்டும், அழைக்கவும் வேண்டும்.

எட்டு மாதம் படித்தும் போனில் திணறுவதற்குக் காரணம், செயலி உங்களுக்குப் பழக்கியது சரியான விடையை அடையாளம் காண்பதை மட்டும். போனில் விடையை நீங்களே உருவாக்க வேண்டும், அதுவும் இரண்டு நொடிக்குள். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு ஆசிரியருடன் அரை மணி நேரம் பேசியே ஆக வேண்டும். எண்களில் தொடங்குங்கள். அறுபது ‘ஸெஸெந்தா’, எழுபது ‘ஸெதெந்தா’. இரைச்சலான இணைப்பில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். கன்டெய்னர் எண்களை ஆசிரியர் வாசிக்க, நீங்கள் எழுதிக் காட்டுங்கள். போனில் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதையும் பழகுங்கள்.

அடுத்து, அலுவலகத்துக்கு வந்த பழைய ஸ்பானிஷ் மின்னஞ்சல்களில் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான பாடப்புத்தகம் அதுதான். ‘லே அத்ஹுந்தோ லா ஃபக்தூரா’ (இன்வாய்ஸை இணைத்துள்ளேன்) போன்ற வரிகள் திரும்பத் திரும்ப வரும். ‘லே அக்ரதெசெரீயா கே மே என்வியாரா’ (அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்) என்பதும் வரும். பலரை பி1 நிலையில் (ஏ1 முதல் சி2 வரையான ஆறு படி மொழித்தேர்ச்சி அளவில் மூன்றாவது; அடுத்தது பி2) நிறுத்திவைக்கும் சப்ஜங்க்டிவ், அதாவது விருப்பம், வேண்டுகோள் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம், இங்கேதான் இருக்கிறது. அதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, பணிவாகக் கேட்கும் இத்தகைய பத்து வரிகளில் பழகினால் சீக்கிரம் பிடிபடும். வாடிக்கையாளர்களை ‘உஸ்தெத்’ (மரியாதையான ‘நீங்கள்’) என்றே விளியுங்கள். ஸ்பெயினில் புழங்கும் ‘வொசோத்ரோஸ்’ (பலரை நெருக்கமாக விளிக்கும் ‘நீங்கள்’) வினைவடிவங்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்; லத்தீன் அமெரிக்காவில் அவை பேச்சில் வராது.

எவ்வளவு காலம்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரிகள் ஸ்பானிஷில் பணி செய்யும் அளவு தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. தினம் ஒரு மணி என்றால் 600 மணிக்கே இருபது மாதம் ஆகும். ஆக, பி2 நிலைக்கு இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. மின்னஞ்சலுக்கும் எளிய அழைப்புகளுக்கும் பி1 போதும். விலை பேசவும் புகாரைத் தீர்க்கவும் பி2 வேண்டும்.

ஸ்பானிஷ் தேர்ச்சிக்குச் சான்று தரும் தேர்வுகளில் சியெலே (SIELE), டெலே (DELE) இரண்டும் முக்கியமானவை; உங்களுக்கு இப்போது சியெலே பொருந்தும். அது கணினியில் எழுதுவது; வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளையும் சேர்த்து எழுதலாம், பேசுதலை மட்டும் தனியாகவும் எழுதலாம்; மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் நிலையைச் சொல்வார்கள். சான்றிதழ் 5 ஆண்டுதான் செல்லும். டெலே சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது, ஆனால் நிலையை முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு தேர்ச்சி அல்லது தோல்விதான். டெலே பி2-இல் வாசித்தலும் எழுதுதலும் ஒரு தொகுதி, கேட்டலும் பேசுதலும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். ஒன்றில் 45 வாங்கி மற்றதில் 28-இல் நின்றால் முழுத் தேர்வும் போயிற்று. செயலியிலேயே படித்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாம் தொகுதியில்தான். அதனால் சியெலேயில் பேசுதல் பகுதி பி2 தொட்ட பிறகு டெலேக்குப் பணம் கட்டுங்கள்.

சம்பளப் பேச்சை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். பி1 வந்ததுமே மெக்சிகோ, சிலிக் கணக்குகளில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் அந்தக் கணக்கில் நீங்கள் பிடித்த பிழைகள், தாமதமின்றிப் போன சரக்குகள் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவையுங்கள். ஊதிய உயர்வு கேட்கும்போது சான்றிதழோடு அந்தக் குறிப்பையும் மேசையில் வையுங்கள். புதிய பொறுப்பையும் தொகையையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்பானிஷ் அழைப்புகள் மட்டும் உங்கள் தலையில் விழும், சம்பளம் பழையபடியே இருக்கும்.