கழற்றி மாட்டும் லேப்டாப்: கேளுங்கள், சொல்கிறேன்

பாகங்களை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளும்படி செய்த ஃபிரேம்வொர்க் 13 லேப்டாப்பில்தான் 2022 முதல் என் வேலை முழுவதும் நடக்கிறது. புரோகிராம் எழுதுவது, அப்புறம் கொஞ்சம் போட்டோ திருத்துவது. கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருப்பதால் வேகம் குறையுமா?

குறையாது தம்பி. மற்ற லேப்டாப்களில் வரும் அதே சிப்தான் இதிலும். என்னிடம் இப்போது இருப்பது ஏஎம்டியின் 8 கோர் ரைசன் 7 7840யூ சிப். ஒரு பக்கம் புரோகிராம் கம்பைல், ஒரு பக்கம் வீடியோ கால், முப்பது டேப் என்று ஓட்டியும் திணறியதில்லை. வேலை நீண்டால் ஃபேன் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் ராமை ஒற்றையாக வாங்காதே. இதில் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டாகப் போட்டால் இரண்டு வழியாகவும் டேட்டா ஓடும். கேம் ஆடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

61 வாட்-ஹவர் பேட்டரி. எழுத்து வேலை, பிரவுசர் என்றால் எனக்கு 7 மணி நேரம் வருகிறது. சார்ஜர் இல்லாமல் நாள் முழுக்க வெளியே இருப்பவர் என்றால் மேக்புக் ஏர்தான் உங்களுக்குச் சரி.

ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதே இல்லை. நான் திறக்கலாமா?

தாராளமாகத் திறக்கலாம் அக்கா. டிரைவர் பெட்டியிலேயே வருகிறது. அடியில் ஐந்தே ஸ்க்ரூ. எவ்வளவு தளர்த்தினாலும் கழன்று விழாது. கீபோர்டு இருக்கும் மேல் மூடி காந்தத்தில் நிற்கிறது. அதை மட்டும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள், அடியில் ஒரு ரிப்பன் கேபிள் இருக்கிறது. மெல்லத் தூக்கி அதை விடுவித்தால் போர்டு (சிப் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு), ராம், பேட்டரி எல்லாம் கண்முன்னே. பாகங்களின் மேல் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள், ஸ்கேன் செய்தால் எப்படி மாற்றுவது என்ற பக்கம் வரும்.

போன வருடம் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டேன். மேல் மூடியை மட்டும் வாங்கினேன், மாட்டக் கால் மணி நேரம் ஆனது. இதற்கு முன் வைத்திருந்த வேறு லேப்டாப்பிலும் இதே நடந்தது. சரிசெய்ய, புது லேப்டாப் விலையில் பாதியைக் கேட்டார்கள். அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்த வருத்தத்தில்தான் இதை வாங்கினேன்.

போர்டையே மாற்றினீர்களாமே, லாபமா?

வாங்கும்போது இன்டெல் 12ஆம் தலைமுறை சிப் உள்ள போர்டு. 2023இல் ஏஎம்டி போர்டு வந்தது, நான் 2024இல் மாற்றினேன். பாடி, திரை, கீபோர்டு, ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி எல்லாம் பழையதே. ராம் மட்டும் செல்லாது: பழைய போர்டுக்கு டிடிஆர்4 வகை, புதியதற்கு டிடிஆர்5 வகை. ராம் விலையையும் சேர்த்தால் ஒரு சாதாரண லேப்டாப் வாங்கும் காசு. அதனால் பணம் மிச்சமாகும் என்ற ஒரே கணக்கில் இதை வாங்காதீர்கள். ஆனால் பழைய போர்டு வீணாகவில்லை. கூலர் மாஸ்டர் விற்கும் பெட்டிக்குள் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் சேர்கின்றன.

போர்ட்டுகளை இஷ்டப்படி மாற்றலாமா?

மாற்றலாம், மொத்தம் நான்கு இடம். எந்தப் போர்ட் வேண்டுமோ அந்தச் சின்னக் கார்டை அதில் செருகிக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் உள்ள ஏஎம்டி போர்டில் நான்கும் ஒன்றல்ல. வேகமான யூஎஸ்பி4 பின்பக்கம் இரண்டில் மட்டும்தான், முன்பக்கம் ஒன்றில் மானிட்டர் வேலையே செய்யாது. மானிட்டர் இணைக்கும் எச்டிஎம்ஐ கார்டைப் பின்னால் செருகுங்கள். முன்னால் செருகிவிட்டு, படம் வரவில்லையே, கார்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.