சின்னக் குழந்தைகளோடு செட்டிநாடு: சாப்பாட்டைப் பேக்கேஜில் எடுங்கள், ஊர் சுற்றுவதை எடுக்காதீர்கள்

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள். பிப்ரவரியில் மூன்று நாள் செட்டிநாட்டுக்கு வர நினைக்கிறோம். தங்குமிடம், சாப்பாடு, கார், சுற்றிப் பார்ப்பது எல்லாம் அடங்கிய பேக்கேஜ் எடுப்பது நல்லதா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடி எனக்குப் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் பக்கத்திலேயேதான். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நாத்தனார், தம்பி குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வரும்போது வீட்டில் இடம் போதாது. பழைய செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்களே, அங்கே தங்குவார்கள். விடுதிக்குப் போன் போட்டு விசாரித்துச் சொல்வது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். மூன்று வேளைச் சாப்பாட்டையும் தங்குமிடத்தோடு சேர்த்தே எடுங்கள். சுற்றிப் பார்ப்பதை மட்டும் பேக்கேஜில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

முதலில், ‘எல்லாம் அடங்கியது’ என்றால் இங்கே என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே விலைக்குள் தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் தரும் முறை 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கிளப் மெட் நிறுவனம் தொடங்கிய விடுமுறை முகாமால் பெயர் பெற்றது. கடற்கரை ரிசார்ட்டுகளில் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது: காலை முதல் இரவு வரை ஏதாவது சாப்பாடு இருந்துகொண்டே இருக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் இருப்பார்கள். செட்டிநாட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். இங்கே பெரும்பாலும் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும்தான் அடக்கம். மாலைப் பலகாரம், பாட்டில் தண்ணீர், துணி துவைப்பது, கார் எல்லாம் தனிக் கணக்காக வரக்கூடும். விலைப்பட்டியலில் சி.பி. என்று போட்டிருந்தால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் காலை உணவும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். நீங்கள் கேட்க வேண்டியது ஏ.பி.

ஏன் மூன்று வேளையும் என்றால், நல்ல பழைய வீடுகள் பல கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் போன்ற சிற்றூர்களில் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள், நீளமான மதில்களும் பூட்டிய கதவுகளும்தான் இருக்கும். குழந்தை பசிக்கு அழுதால் காரைக்குடிக்குத்தான் காரை எடுக்க வேண்டும். அங்கே போனாலும் உணவகங்களில் கிடைப்பது மிளகும் வரமிளகாயும் தூக்கலாக இருக்கும் கோழியும் பிரட்டலும்தான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன கொடுப்பீர்கள்?

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே காரம் என்று வெளியூரில் ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் வீடுகளில் குழந்தைகள் வளர்ந்த சாப்பாடு அதுவல்ல. காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். வெள்ளைப் பணியாரத்தை, தொட்டுக்கொள்ளும் கார வகையை விலக்கிவிட்டு, வெறுமனே கையில் கொடுத்தாலே பிள்ளைகள் தின்பார்கள். மாலையில் பால் பணியாரம். உளுந்தை வறுத்து மாவாக்கி, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, நெய் விட்டுக் கிளறும் கும்மாயம் நாவில் வைத்தால் கரையும்; பல் முளைக்கும் பருவத்துக்கு அதைப் போல எதுவும் இல்லை. கவுனி அரிசி இனிப்பையும் கேட்டுப் பாருங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் வழியாக இங்கே வந்து தங்கிவிட்ட கறுப்பரிசி அது. குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்து தருவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதன் கருநீல நிறமே போதும்.

ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் படத்தைவிட அடுப்படியைப் பற்றித்தான் அதிகம் கேளுங்கள். என் தம்பி மனைவி ஒரு விடுதியில் சமையல் செய்யும் ஆச்சியிடம், “ஆச்சி, சின்னவனுக்குக் காரமில்லாமல் ஏதாவது கிடைக்குமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர், “பருப்பு வெந்ததும் பிள்ளைக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தாளிப்பேன். நீங்கள் அவன் சாப்பிடும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்” என்றார். அன்று மாலை ஆறரை மணிக்கு, பெரியவர்களுக்கு இலை போட இன்னும் நெடுநேரம் இருந்தபோதே, ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புச் சோறும் நெய்யும் ரசத்தின் தெளிவும் வந்தன. கிண்ணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார் அந்த ஆச்சி. அப்படி ஒரு ஆள் அடுப்படியில் இருக்கும் விடுதிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். இரவுச் சாப்பாடு எட்டரைக்குத்தான், அதற்கு முன் அடுப்படியைத் திறக்க முடியாது என்றார்கள். மேசைக்கு வந்த ஒவ்வொரு கிண்ணத்திலும் மிளகு. நாத்தனாரின் பெண் ரொட்டித்துண்டைத் தின்றுவிட்டுத் தூங்கியது. கொடுத்த பணத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம்தான், குழந்தைக்கு ஒரு வேளைகூட உருப்படியாக இல்லை. இதனால்தான் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள் என்கிறேன்: குழந்தைக்கு ஆறரைக்குச் சாப்பாடு தருவீர்களா? தாளிப்பதற்கு முன் தனியாக எடுத்து வைப்பீர்களா? இரவில் பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் ஆள் இருப்பார்களா? “பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் அடுத்த விடுதிக்குப் போன் போடுங்கள்.

இனி வீடு. குழந்தைகளுக்கு இந்த வீடுகள் கொண்டாட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. முகப்பில் தொடங்கிக் கட்டுக் கட்டாகப் பின்தெரு வரை நீளும் வீட்டில் வெயில் படாமல் ஓடலாம், ஒளியலாம். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூவேலைத் தரை ஓடுதான் ஆத்தங்குடிக் கல்; அது பாவிய தரை பகலிலும் காலுக்குக் குளிர்ச்சி. ஆனால் இவை நடை பழகும் பிள்ளையை மனத்தில் வைத்துக் கட்டியவை அல்ல. நிலைப்படிகள் உயரம். வளவு என்னும் உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் தாழ்ந்திருக்கும், அதன் விளிம்பு கருங்கல். திண்ணையிலிருந்து விழுந்தால் நெற்றி தப்பாது. மாடிப்படிகள் குறுகலாக, செங்குத்தாக, பகலிலும் இருட்டாக இருக்கும். கழுவிவிட்ட தரையில் ஈரம் காயும்வரை பெரியவர்களே வழுக்குவார்கள். பழைய தேக்குக் கதவின் நாதாங்கி உள்ளே விழுந்துவிட்டால் குழந்தையால் தூக்க முடியாது. ஆகவே தரைத்தள அறைதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மாடி அறையின் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதில் வேண்டாம். தள்ளுவண்டி கொண்டுவருவதில் பயனில்லை, நிலைப்படிக்கு நிலைப்படி தூக்கவேண்டியிருக்கும். சின்னதை இடுப்பிலோ தூளிப்பையிலோதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் ஆகிய விடுதிகளில் நீச்சல் குளம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய இழுப்பு. எந்த விடுதியானாலும் குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா, ஆழம் எவ்வளவு, அறைக் கதவிலிருந்து குளம் எத்தனை தூரம் என்று கேளுங்கள். ஆள் காவல் இருப்பார் என்று எண்ணி ஒரு நிமிடம்கூடப் பிள்ளையை விடாதீர்கள். ஊருணிப் படிகளுக்கும் இதே எச்சரிக்கை.

சுற்றிப் பார்ப்பதற்கு வருவோம். பேக்கேஜ்காரர்கள் போடும் பட்டியலை எனக்கு அனுப்பியவர்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆத்தங்குடிப் பெரிய வீடு, கானாடுகாத்தான் அரண்மனைத் தெரு, திருமயம் கோட்டை, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, போகிற வழியில் பழம்பொருள் கடைத்தெரு. பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். கோயில்கள் மதியம் நடை சாத்தினால் நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் குழந்தைகள் காருக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும். விடுதியில் நீங்கள் பணம் கட்டிய மதியச் சாப்பாடு அங்கே ஆறிக்கொண்டிருக்கும். பகல் பதினொன்று முதல் நான்கு வரை வீட்டுக்குள் இருப்பதுதான் இந்த ஊரின் வழக்கம், அதற்காகத்தான் இப்படி வீடு கட்டினார்கள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவே சாப்பாடும் தூக்கமும். கார் வேண்டும்போது விடுதியிலேயே அரை நாளுக்குச் சொல்லிவைத்துக்கொள்ளலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே இடம்தான் காட்ட முடியும் என்றால் நான் ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறையைத்தான் சொல்வேன். சதுரக் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூவோ நட்சத்திரமோ வடிவத்தில் தடுப்புகள் கொண்ட அச்சு. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் கரண்டியால் ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கூழாகக் கரைத்த சிமெண்டில் சாயம் கலந்தது. அச்சை மெல்லத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நேரம் அதுதான். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பித் தேய்த்து மட்டமாக்குகிறார்கள். காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். சூளையும் இல்லை, மெருகேற்றுவதும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. கண்ணாடி விளிம்புகள் கூர்மையானவை, ஆகவே கையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். வேலை செய்பவர்களிடம் முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொள்வது மரியாதை. தரையில் கால் பட்டபோதெல்லாம் “இதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்ட பிள்ளைக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

திருமயம் கோட்டையை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டினார். பாறை மேல் ஏறினால் உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது, சிறுவர்களுக்கு அது போதும். ஆனால் நிழலே கிடையாது. காலை ஒன்பதரைக்குள் இறங்கிவிடுவது நல்லது. சின்னதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கீழேயே இருந்துவிடலாம். பிப்ரவரி என்றால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் கேட்டுப் பாருங்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் நாரைகளும் கொக்குகளும் மரம் முழுக்க இருக்கும். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள், தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிள்ளையார்பட்டிக்கு மாலை நடை திறந்ததும் போனால் கூட்டத்துக்கு முன் கும்பிட்டுவிடலாம்.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சொல்லும் விலை வரியோடு சேர்த்தா என்று கேளுங்கள். ஐந்து வயது என்பது பல விடுதிகளில் எல்லைக்கோடு: ஐந்து முடியும்வரை இலவசமா, ஐந்து தொடங்கினாலே கட்டணமா, கூடுதல் படுக்கை எடுத்தால் சாப்பாட்டுக்கும் தனியாகப் போடுவார்களா என்று குழந்தையின் பிறந்த தேதியைச் சொல்லியே கேட்டுவிடுங்கள். குழந்தை மருத்துவர் வேண்டுமென்றால் காரைக்குடிக்குத்தான் வரவேண்டும். சிற்றூரில் தங்கினால் இரவில் அவசரத்துக்கு விடுதியில் வண்டி நிற்குமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கையோடு இருக்கட்டும்.

விமானத்தில் வந்தால் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரக் கார் பயணம். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தால் காரைக்குடி சேர இரவு பத்து மணி வாக்கில் ஆகிவிடும். அன்றைய இரவுச் சாப்பாடு உங்கள் கணக்கில் சேர்ந்திருந்தால் வீணாக விடாதீர்கள். அதைக் கடைசி நாள் மதியத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். திரும்பும் பல்லவன் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். முதல் நாள் இரவே அடுப்படியில் சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்கு இட்லி கட்டித் தருவார்கள். மிளகாய்ப் பொடி தடவாமல் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.