எரிமலைக் கல்லுக்கு அடியில என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தங்கச்சி மகன் ஜியோபிசிக்ஸ் படிச்சிட்டு குஜராத் சௌராஷ்டிரா பக்கம் ஒரு சர்வே வேலையில இருக்கான். வீடியோ கால்ல பேசும்போது சொல்றான், "மாமா, குழி தோண்டி சின்னச் சின்ன பானை மாதிரி ஒண்ண புதைச்சு ஒயர் இழுத்து ராத்திரி பூரா அப்படியே விட்டுட்டு வந்துடுவோம், காலையில போய் டேட்டா எடுப்போம், எரிமலைக் கல்லுக்கு அடியில இருக்குறது தெரியும்"னு. வெடி வைக்கல, கரண்ட் அனுப்பல, அப்புறம் எப்படிங்க தெரியும்?
– ஈசூன் (சிங்கப்பூர்) வாசகர்

பதில்: வணக்கம் அண்ணா. மருமகன் பண்றது ரொம்ப அருமையான வேலை, பேரு மேக்னட்டோடெல்யூரிக், சுருக்கமா எம்.டி.னு சொல்லுவாங்க. கரண்ட் அவங்க அனுப்பல, இயற்கையே அனுப்புது. சூரியன்லேர்ந்து வர்ற காத்து பூமியோட காந்தப்புலத்தை எந்நேரமும் ஆட்டிக்கிட்டே இருக்கு, அதுல மெதுவான அலைங்க கிடைக்குது. உலகம் பூரா செகண்டுக்கு 40, 50 மின்னல் வெட்டுது, அதுல வேகமான அலைங்க கிடைக்குது. ரெண்டும் தரைக்குள்ள இறங்கி அங்க மெல்லிசா ஒரு கரண்ட்ட ஓட வைக்கும், அந்த பானைங்க அளக்குறது அதைத்தான். பக்கத்துலயே காயில்னு நீட்டமா குழாய் மாதிரி மூணு இருக்கும், வடக்கு தெற்கா ஒண்ணு, கிழக்கு மேற்கா ஒண்ணு, நட்டுக்க ஒண்ணு, அது காந்தப்புலம் ஆடுறதைப் பிடிக்கும். ரெண்டையும் வகுத்தா கீழ இருக்குற கல்லு எவ்வளவு கரண்ட்ட விடுது, எவ்வளவு தடுக்குதுன்னு வந்துடும். 1950-ல சோவியத் நாட்டு டிகோனோவும் 1953-ல பிரான்ஸ் நாட்டு கான்யாரும் போட்ட கணக்கு இது, இன்னிக்கும் அதுதான் அஸ்திவாரம்.

எவ்வளவு ஆழம்னா, மெதுவா ஆடுற அலை ஆழமாப் போகும். 100 ஓம்-மீட்டர் தடை இருக்குற பாறையில ஒரு செகண்டுக்கு ஒரு தடவை ஆடுற அலை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் இறங்கும், 100 செகண்டுக்கு ஒரு தடவைன்னா 50 கிலோமீட்டர். ராத்திரி பூரா விட்டு வைக்கிறதுக்கு ஒரு காரணம் இது, இன்னொண்ணு, ஒரு செகண்ட் பக்கத்துல இருக்குற அலைங்கதான் இயற்கையிலேயே ரொம்ப பலவீனம், சூரியனும் சரியாத் தராது மின்னலும் சரியாத் தராது, ஆனா நமக்கு வேண்டிய ஆழத்துக்கு பெரும்பாலும் அதுதான் தேவைப்படும், அதனால நெறைய நேரம் காத்திருந்து சேக்கணும்.

சரி, எண்ணெய் கம்பெனிங்க மாதிரி வெடி வெச்சு சத்தம் அனுப்பினா என்னன்னு தோணும். தக்காண டிராப் இருக்கே, 6.6 கோடி வருஷம் முன்னாடி கொட்டின லாவா, இன்னிக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் மூடியிருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை பக்கம் 2 கிலோமீட்டருக்கும் மேல கனம். அது ஒரே கல்லு இல்ல, புரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கும், நடுவுல சிவப்பு மண்ணு, ஓட்டை விழுந்த கல்லு எல்லாம் கலந்து. சத்தம் ஒவ்வொரு அடுக்குலயும் பட்டு பட்டு சிதறி, கீழ போய் திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. மின்காந்த அலைக்கு இந்த தொல்லை ரொம்ப கம்மி. லாவா இறுகி ஆன இந்த பசால்ட் கல்லு கரண்ட்ட தடுக்கும், அடியில உப்புத்தண்ணி ஊறின மணல், களிமண் படிவம் இருந்தா அது கரண்ட்ட நல்லா விடும், அந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். சௌராஷ்டிராவுல ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ. (தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆளுங்க இப்படித்தான் டிராப்புக்கு அடியில மீசோசோயிக் படிவம், அதாவது டைனோசர் காலத்து மண்ணு, இருக்குன்னு படம் போட்டாங்க, லோதிகாவுல போட்ட ஆழ்கிணறும் டிராப்பைத் தாண்டி அதைத் தொட்டுச்சு. எல்லா இடத்துலயும் அப்படி இருக்காது, 1967-ல பூகம்பம் வந்த மகாராஷ்டிரா கொய்னாவுல பின்னாடி துளை போட்டுப் பாத்தா லாவாவுக்கு நேர் அடியில கிரானைட் வகை அடிப்பாறைதான், நடுவுல படிவமே கிடையாது.

ஒண்ணு மட்டும் மருமகன் கிட்ட கேட்டுப் பாருங்க, அவரே சொல்லுவார். இந்த படம் மங்கலானது. 1 கிலோமீட்டர் கனத்துல 2 ஓம்-மீட்டர் படிவமும், 2 கிலோமீட்டர் கனத்துல 4 ஓம்-மீட்டர் படிவமும் கருவிக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால ஈர்ப்பு சர்வே, சீஸ்மிக் (முன்னாடி சொன்ன சத்தம் அனுப்புற முறை), ஒரு கிணறாவது சேத்து வெச்சுப் பாத்தாத்தான் கனம் நம்புற மாதிரி வரும். எண்ணெய் இருக்கா இல்லையான்னு எம்.டி. சொல்லாது, எண்ணெய் தங்கக்கூடிய படிவம் இருக்கான்னுதான் சொல்லும், அந்த வித்தியாசத்தை மறைச்சுப் பேசுறவங்கள நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: எங்க ஊர்ல (புதுக்கோட்டை பக்கம்) போர் போட ஒருத்தர் கம்பி அடிச்சு மெஷின் வெச்சுப் பாக்குறாரு, அதுவும் இதுதானா?
– பூன் லே வாசகி

பதில்: தங்கை மாதிரின்னு சொல்லலாம்மா. அவர் பேட்டரியிலேர்ந்து தானே கரண்ட் அனுப்பி தடையை அளக்குறாரு. ஆழம் வேணும்னா ஒயரை நீட்டிக்கிட்டே போகணும், 200 மீட்டர் ஆழம் பாக்கவே ஒயர் பல நூறு மீட்டர் போகணும். வீட்டுக் கொல்லையில நாலு கம்பிய கிட்டக் கிட்ட அடிச்சுட்டு "800 அடியில தண்ணி"னு சொன்னா காசு குடுக்காதீங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல எம்.டி. பண்ண முடியுமா? செம்பவாங் சுடுதண்ணி ஊத்துக்கு அடியில பாக்கலாமே?
– உட்லண்ட்ஸ் மாணவர்

பதில்: நல்ல கேள்வி தம்பி. செம்பவாங்ல தண்ணி 70 டிகிரி, அந்தப் பக்கம் என்.டி.யூ. (நன்யாங் பல்கலைக்கழகம்) ஆளுங்க போட்ட துளையில 1.76 கிலோமீட்டர்ல 122 டிகிரி வந்துச்சு. அங்க பசால்ட் இல்ல, கிரானைட். வெடிப்புல சுடுதண்ணி இருந்தா கரண்ட் நல்லா ஓடும், கிரானைட் தடுக்கும், அதனால தத்துவப்படி எம்.டி.க்கு தோதான இடம். தொல்லை என்னன்னா அந்தப் பக்கம் எம்.ஆர்.டி. ரயில் 750 வோல்ட் டி.சி.ல ஓடுது, தண்டவாளத்துலேர்ந்து தரைக்குள்ள கசியுற கரண்ட் ரயில் கிளம்பும்போதும் நிக்கும்போதும் குதிக்கும், கருவிக்கு அது இயற்கையோட அலையை விட பல மடங்கு பெருசாத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் லைட் கரண்ட் வேற. சுத்தியும் கடல், உப்புத்தண்ணி கரண்ட்ட இழுக்கும், அதையும் மாடல்ல போட்டே ஆகணும்.

வழி இருக்கு. ரயில் ஓடாத நடுராத்திரி நேரத்து டேட்டாவை மட்டும் எடுக்கலாம், தூரத்துல இந்த மாதிரி கரண்ட் தொல்லை இல்லாத இடத்துல இன்னொரு கருவியை அதே நேரம் ஓட விட்டு ரெண்டுலயும் பொதுவா இருக்குறதை மட்டும் வெச்சுக்கலாம், 1979-லேர்ந்து இந்த முறை இருக்கு. நம்ம ஊர்ல கிட்டத்துல விழுற மின்னல் கருவியைத் திணறடிக்கும், தூரத்து மின்னல்தான் பிரயோஜனம், அதனால மழை நாள்ல பண்ணாம இருக்குறது உத்தமம். ஒயரை தரையோட ஒட்டி ஆணி அடிச்சு மண்ணு போட்டு மூடணும், காத்துல ஒயர் ஆடினாலே பூமியோட காந்தப்புலத்துல அது தானா கரண்ட் உண்டாக்கிடும், காயிலும் குழிக்குள்ள அசையாம இருக்கணும். ஜியோபிசிக்ஸ் படிக்க ஆசைன்னா கணக்கோட சேத்து குழி தோண்டவும் பழகிக்கோ தம்பி, பாதி டேட்டா கெட்டுப் போறது அங்கதான்.