பதில்: அம்மாவின் இடுப்பு வலிக்கு டென்ஸ் மெஷின்

மன்னார்குடி நண்பரே, நடவுக்குப் போய் வந்து இடுப்பு பிடித்துக்கொண்ட அம்மாவுக்கு டென்ஸ் மெஷின் (தோல் வழியாக லேசான கரண்ட் அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி) வைத்தால் சதை வெட்டி வெட்டி இழுக்கிறது, வலி அப்படியே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சதை இழுத்தால் கரண்ட் அதிகம், குறையுங்கள். சதையை இழுக்க இ.எம்.எஸ். என்று தனி முறை இருக்கிறது, சில மெஷினில் இரண்டுமே இருக்கும் என்பதால் எந்த மோடில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். டென்ஸுக்குத் தோலில் சுருசுருவென்று இருந்தால் போதும். அந்த உணர்வு தண்டுவடத்தில் வலிக்குக் கதவைச் சாத்துகிறது என்பதுதான் 1965இல் வலி ஆராய்ச்சியாளர்கள் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சொன்ன கணக்கு. அதை நம்பித்தான் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் 1967இல் ஒரு நோயாளியின் தண்டுவடத்திலேயே கரண்ட் கொடுக்கும் கருவியைப் பொருத்தினார், துணிச்சல்தான்!

சரி, தைலம் தடவிய முதுகில் பேட் ஒட்டாது. துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒட்டுங்கள், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு) வைத்து அரை மணி நேரம். நிறுத்தியதும் வலி திரும்பலாம், இது குணப்படுத்தும் மெஷின் இல்லை. அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே வேண்டாம். அப்புறம், கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ மெஷினை மூட்டை கட்டிவிட்டு அன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.