இடிடிஏ எதைப் பிடுங்குகிறது? உலோக அயனியும் நொதியும்: கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி, இளங்கலை மாணவி): ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான உமிழ்நீர் அமைலேஸில், உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இடிடிஏவை 1 மில்லிமோலார் சேர்த்தும் அயோடின் நீலம் மறைகிறதே, ஸ்டார்ச் உடைகிறதே சார். அமைலேஸுக்குக் கால்சியம் தேவை என்பது தப்பா?

பதில்: உமிழ்நீரை எந்தத் தண்ணீரில் கலக்கினீர்கள்? போர் தண்ணீர் என்றால் குற்றவாளி அதுதான். கடினத்தன்மை 300 பிபிஎம் என்றாலே கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 3 மில்லிமோலார். உங்கள் இடிடிஏவைத் தண்ணீரே தின்றுவிடும், நொதிக்கு மிச்சம் இருக்காது. கேன் தண்ணீரும் வடிநீர் ஆகாது.

வடிநீரில் 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஎச் 7, கூடவே 20 மில்லிமோலார் சோடியம் குளோரைடு வையுங்கள். இந்த அமைலேஸுக்குக் குளோரைடும் வேண்டும். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், கால்சியம் வெள்ளையாகப் படியும். இங்கே கால்சியம் வினையில் இறங்குவதில்லை, புரதத்தின் மடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. பிடி இறுக்கம் என்பதால் கழல நேரமாகும். 5 மில்லிமோலார் இடிடிஏவில் 37 டிகிரியில் அரை மணியாவது வைத்துவிட்டு ஸ்டார்ச் ஊற்றுங்கள். ஒப்பீட்டுக் குழாயில் இடிடிஏவோடு 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடை முதலில் கலந்து, பிறகு நொதி. அதிலும் செயல் குறைந்தால் பிஎச்சைப் பாருங்கள்: கால்சியத்தைப் பிடிக்கும்போது இடிடிஏ புரோட்டானை விடும்.

கேள்வி (அண்ணா நகர், லேப் டெக்னீஷியன்): ஒரு நோயாளிக்கு ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியின் அளவு திடீரென அடிமட்டத்தில் வந்தது.

பதில்: கால்சியமும் குறைந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் ஊதா மூடிக் குழாயின் பொட்டாசியம் இடிடிஏ கலந்திருக்கிறது. நொதியின் துத்தநாகமும் மக்னீசியமும் போய்விட்டன. மக்னீசியம் சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். மறுபடி ரத்தம் எடுங்கள், சீரம் குழாய் முதலில், ஊதா பிறகு.

கேள்வி (தரமணி, ஆய்வு மாணவர்): டிஇ பஃபரில் (டிரிஸும் 1 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்தது) உள்ள டிஎன்ஏவை வைத்தால் பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) பேண்ட் மங்குகிறது.

பதில்: கணக்குப் போடுங்கள். மக்னீசியம் 1.5 மில்லிமோலார். டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகளான நான்கு டிஎன்டிபியும் தலா 0.2 என்றால் 0.8 அதில் போயிற்று. 25 மைக்ரோலிட்டரில் 5 மைக்ரோலிட்டர் டிஇ இன்னும் 0.2 எடுக்கும். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸுக்கு மிச்சம் 0.5. அரை அரையாக 3 வரை ஏற்றிப் பாருங்கள். அதிகமானால் வேண்டாத பேண்டுகள் வரும். மக்னீசியம் குளோரைடு ஸ்டாக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் நன்றாகக் கலக்குங்கள், உறைந்து உருகியதில் அடியில் செறிவாகத் தங்கும்.

கேள்வி (கிண்டி): கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் துத்தநாகத்தையும் இடிடிஏவில் கழற்றலாமா?

பதில்: லேசில் வராது. மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இருக்கிறது. உலோகத்தைப் பிடிக்கும் இன்னொரு பொருளான டைபிகோலினிக் அமிலத்தில், நொதியைச் சவ்வுப் பையில் வைத்து டயாலிசிஸ் செய்யுங்கள், பிறகு அதையும் கழுவி எடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், அதிலிருந்தே துத்தநாகம் கசியும். அந்த இடத்தில் கோபால்ட் வைத்தால் நொதி வேலை செய்யும், செம்பு வைத்தால் செய்யாது.