கஷ்டமா இருக்கு, சின்னப் பிள்ளைத்தனமா இருக்கு!

கேள்வி: மகனுக்கு 14 வயது. ஆங்கிலம் பழகுகிற மாணவர்களுக்கென்றே வரும் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். இரண்டு இதழ்கள் தொடாமலே கிடக்கின்றன, கேட்டால் 'கஷ்டமா இருக்கு' என்கிறான். அட்டையில் பி1 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? – ஓர் அம்மா

பதில்: ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் அது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு படிகள். பி1 என்றால் பழகிய விஷயங்களைப் பெரும்பாலும் தானே படித்துச் சமாளிக்க முடிகிற படி. இதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, 14 வயதில் ஏ2-ல் இருப்பது ஒன்றும் குற்றமில்லை. இதற்காக அவனைப் பரீட்சை எழுதவெல்லாம் வைக்க வேண்டாம். ஒரு கட்டுரையில் 100 வார்த்தைகளை எண்ணி, தெரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஹூ, பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அகராதியைத் தேடாமல் ஒரு கதை புரிய வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதிலுள்ள வார்த்தைகளில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூற்றுக்கு இரண்டு புள்ளி. ஐந்து புள்ளி என்றால் ஓரத்தில் அர்த்தம் போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து ஓட்டிவிடலாம், பத்தைத் தாண்டினால் ஒரு படி கீழே உள்ள இதழுக்கு மாறிவிடுங்கள்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும், ஆனால் 'கிவ் அப்' என்றால் விட்டுவிடுவது என்று தெரிந்திருக்காது. அந்த இடத்தில் புள்ளியே விழாது, வாக்கியமும் புரியாது.

கேள்வி: எனக்கு ஏ2 இதழ் தந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு, முயல் கதை படிக்கிற வயதா எனக்கு? – கோபமாக ஒரு மாணவி

பதில்: முயல் கதை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, நியாயமான கோபம்தான். ஆனால் மொழி எளிமையாக இருந்தால் விஷயமும் குழந்தைத்தனமாக இருக்கும் என்று நினைக்காதே. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஓர் ஒலிபரப்பு தொடங்கியது. ஏறக்குறைய 1,500 வார்த்தைகள், சின்னச் சின்ன வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே பெரியவர்களுக்கான உலகச் செய்திகளைச் சொன்னார்கள். நல்ல மாணவர் பத்திரிகையும் அப்படித்தான், மொழியை இறக்குமே தவிர விஷயத்தை இறக்காது.

அப்புறம், பக்கத்தைத் திறந்ததும் கட்டுரையில் குதிக்காதே. முதலில் படம், அதன் கீழுள்ள வரி, பிறகு தலைப்பு. 'ஷார்க் பைட்ஸ் சர்ஃபர்' என்று தலைப்பு இருக்கும். சுறா கடித்ததோ போன வாரம், தலைப்பில் நிகழ்காலம்! 'ஏ', 'தி' எதுவும் கிடையாது. இலக்கண வகுப்பில் இப்படி எழுதினால் சிவப்பு மை விழும், தலைப்பில் மட்டும் அதுதான் வழக்கம். இது தெரியாமல் முதல் வரியிலேயே குழம்பிப் புத்தகத்தை மூடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வகுப்பில் 40 பேர், கையில் 20 பிரதிகள். கட்டுரையை வாசிக்கவைத்து ஐந்து கேள்வி கேட்டால் கொட்டாவி விடுகிறார்கள். – ஓர் ஆசிரியர்

பதில்: எனக்கும் கொட்டாவி வருகிறது, சார். பிரதி பாதிதான் இருப்பது நல்லதாகப் போயிற்று, இரண்டு பேருக்கு ஒன்று கொடுங்கள். ஒருவர் கட்டுரையைப் படித்துச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் கேட்டுத் தலைப்பு வைக்க வேண்டும். படக்கதை இருந்தால் பேச்சுக் குமிழிகளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, வசனத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 'என் தோழி திடீரென்று என்னோடு பேசுவதில்லை' என்கிற மாதிரி வாசகர் கடிதம் வந்திருந்தால் விடவே விடாதீர்கள், பதில் நாலு வரி எழுதச் சொன்னால் வகுப்பே உட்கார்ந்து எழுதும். அந்த நாலு வரியில் எல்லாப் பிழையையும் திருத்த வேண்டாம், அர்த்தத்தைக் கெடுக்கிற பிழையை மட்டும் தொடுங்கள்.

கேள்வி: மகள் பாடகர்களின் பேட்டியை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடுகிறாள். – கவலையுடன் ஓர் அப்பா

பதில்: படிக்கட்டுமே. ஒரே ஆளைப் பற்றி நாலு பேட்டி படித்தால் அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்து தானாக மனசில் ஒட்டிக்கொள்ளும். சரி, நீங்கள் இந்த இதழைத் தலையங்கத்திலிருந்தா படிக்க ஆரம்பித்தீர்கள்?