ஜாக்ஃபுரூட்டும் நம் ஊர்ச் சக்கையும்: கேள்வி பதில்

மார்த்தாண்டம் வாசகர்: ஐயா, ஜாக்ஃபுரூட் என்பதில் வரும் ஜாக் யார்?

பதில்: ஆள் எவரும் இல்லை, அது சக்கைதான், அதாவது பலாப்பழம். 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர், அங்கே மலையாளத்தில் வழங்கிய 'சக்க' என்னும் பெயரைத் தம் நாவுக்கேற்ப 'ஜாக்கா' ஆக்கிக்கொண்டனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் அப்பெயர் இடம்பெற்றது. ஆங்கிலேயர் அதை ஜாக் எனக் குறுக்கி, பழம் என்று பொருள்படும் தம் சொல்லையும் பின்னால் ஒட்டினர். ஞாண் என்றாலே கயிறாக இருக்க, நாம் அரைஞாண் கயிறு என்பதில்லையா?

செங்கோட்டை வாசகர்: வில்லியம் ஜாக் என்ற தாவரவியலாளரின் நினைவாக வைத்த பெயர் என்கிறார்களே?

பதில்: அவர் பிறந்தது 1795இல். ஒலி ஒத்துப்போனால் போதாது, ஆண்டையும் பார்க்க வேண்டும்.

குலசேகரம் வாசகர்: குள்ளநரியைக் குறிக்கும் ஜாக்கல்?

பதில்: அது கூட்டுச்சொல்லே அன்று, பாரசீகத்து 'ஷகால்' துருக்கி வழியாக வந்தது. மீண்டும் சொல்கிறேன், ஒலியை மட்டும் நம்பாதீர்கள்.

பாறசாலை வாசகர்: அப்படியானால் சக்கை மலையாளச் சொல், குமரித் தமிழர் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

களியக்காவிளை வாசகர்: இல்லை ஐயா, கரும்புச் சக்கை என்று தமிழகம் முழுவதும் சொல்கிறோமே!

பதில்: இருவரும் சற்றுப் பொறுங்கள். சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையும் பழச் சக்கையும் ஒரே வேரின என்பதற்கு ஒலி தவிர நீங்கள் வேறு சான்று தரவில்லை. போர்த்துக்கீசியர் சொல்லை எடுத்தது மலபார்க் கரையில். ஆகவே அகராதிகள் மலையாளம் என்று குறிப்பதில் பிழையில்லை. ஆனால் அதனாலேயே குமரியில் பேசுவது கடன் என்றாகிவிடாது. 1956 நவம்பர் 1 வரை, இன்று தமிழ்நாட்டில் உள்ள விளவங்கோடும் கேரளத்தில் உள்ள நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியில் இருந்தவை. வருக்கை, கூழன் என்று சுளையைத் தரம் பிரிக்கும் பெயர்களும் இருபுறத்திலும் உண்டு. சங்கப் பாடல்களில் காணும் பலவு என்னும் பழைய பெயர் வடக்கே பலாவாக நிலைத்தது. ஒரு பழத்துக்கு இரண்டு பெயர் இருப்பது வழக்குத் தொடுக்க வேண்டிய குற்றமன்று.

அருமனை வாசகர்: பைன்ஆப்பிள்?

பதில்: நல்ல கேள்வி. அது முதலில் பைன் மரத்தின் கூம்பைக் குறித்தது; வடிவம் ஒத்திருந்ததால், பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துப் பழத்துக்கு மாறியது. மலையாளிகளும் தாழையையும் சக்கையையும் சேர்த்துக் கைதச்சக்க என்றனர். நாமோ போர்த்துக்கீசியரின் அனனாஸைத்தான் அன்னாசியாக்கினோம்.

திருவட்டாறு வாசகர்: சக்கைப் பிசின் கையில் ஒட்டாமல் இருக்க?

பதில்: தேங்காயெண்ணெய்.

தக்கலை வாசகர்: ஐயா, அந்த ஜாக் என்பவர் யார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.